மலைப்பாதையில் நன்கொடைக்காக ஒரு நீண்ட சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக, மலைகளின் மேல் 100, 150 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டும் பயணங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. முதல் முறை பெயர் கொடுக்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பலமுறை போய் வந்தவன். முதல் முறை பாதியில் நின்றுபோனவனும்கூட. அந்த அனுபவத்திலிருந்துதான் பெரும்பாலான பதில்கள்.

இது பந்தயமா?

இல்லை. பந்தயத்தில் முதலில் வருகிறவருக்குப் பரிசு. இதில் அவரவர் தெரிந்தவர்களிடம் நிதி திரட்டிக்கொண்டு வந்து, எல்லோரும் ஒரே வழியில் ஓட்டுகிறோம், அவ்வளவுதான். சில பயணங்களில் நேரத்தைக் குறித்துத் தருவார்கள். அதைப் பார்த்துக் கால் பரபரக்க வேண்டாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் து ஹுவெஸ் என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. எண் போட்ட 21 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 14 கி.மீ. தூரம், சராசரியாக 8 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம் ஏறும். 2006 முதல் நெதர்லாந்துக்காரர்கள் அங்கே புற்றுநோய் நிதிக்காக ஆல்ப் து ஹுஸெஸ் என்ற நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். ஒரே நாளில் அந்த மலையை ஆறு முறை வரை ஏறலாம். டச்சு மொழியில் ஸெஸ் என்றால் ஆறு. பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஆறு முறை ஏறுவதில்லை. ஒரு முறை மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு, நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. அவர்கள் திரட்டிய பணமும் அதே நிதிக்குத்தான் போகிறது.

நேராகப் பணம் கொடுத்துவிட்டால் போதாதா? ஏன் சைக்கிள் ஓட்ட வேண்டும்?

கொடுக்க முடிந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருவர் தன் கையிலிருந்து கொடுப்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அவரே "இந்த மலையை ஏறப் போகிறேன், நீங்களும் கொஞ்சம் கொடுங்கள்" என்று ஐம்பது பேரிடம் போனால், அந்தக் காரியத்தைப் பற்றி ஐம்பது பேருக்குத் தெரியவருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-இல் 36 பேர் சேர்ந்து ஓட்டி 10,200 டாலர் திரட்டினார்கள். மலைப் பயணம் இல்லை, ஆனால் நீண்ட தூரம். பான்-மாஸ் சேலஞ்ச் என்ற அந்தப் பயணம் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டும் நிகழ்ச்சியாகி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் பணம் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு உடல் தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமதளத்தில் 40 கி.மீ. ஓட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போல நடமாட முடிகிறதா? அப்படியென்றால் மூன்று மாதத்தில் தயாராகிவிடலாம். வயதும் எடையும் தடை இல்லை. எடை கூடுதலாக இருந்தால் ஏற்றத்தில் நேரம் ஆகும், வேறொன்றும் இல்லை. ஆனால் இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ஆஸ்துமா இருப்பவர்களும், பல வருடங்களாக உடற்பயிற்சியே செய்யாதவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பயணத்தின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால், உடனே நிறுத்தி உதவி கேட்கவேண்டும். "அடுத்த வளைவு வரை பார்ப்போம்" என்பது வேண்டவே வேண்டாம்.

தூரத்தைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. 120 கி.மீ. முடியுமா?

தூரத்தைப் பார்க்காதீர்கள், மொத்தம் எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்று பாருங்கள். மலைப் பயணத்தின் உண்மையான அளவு அதுதான். அறிவிப்பில் "120 கி.மீ., 2,500 மீட்டர் ஏற்றம்" என்று போட்டிருந்தால் அந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் தயாராகவேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். சாதாரணமாகப் பயிற்சி செய்தவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 500 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 மீட்டருக்கு ஐந்து மணி நேரம். சராசரிச் சரிவு 6 சதவீதம் என்றால் அந்த ஐந்து மணி நேரத்தில் 42 கி.மீ. கடந்திருப்பார். இறக்கமும் அதே 42 கி.மீ. என்றால் ஒன்றேகால் மணி நேரம். மீதி 36 கி.மீ. சமதளத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் பிடிக்க, சாப்பிட, மூச்சு வாங்க ஒரு மணி நேரம். ஆகமொத்தம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். ஏற்பாட்டாளர்கள் குறித்திருக்கும் கடைசி நேரத்தோடு இதை ஒப்பிட்டால், இந்த வழி உங்களுக்கு ஆகுமா, சின்ன வழியில் சேரலாமா என்று தெளிவாகிவிடும். பெரும்பாலான பயணங்களில் இரண்டு மூன்று தூரங்கள் வைத்திருப்பார்கள். முதல் முறை சின்னதில் சேருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்? புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற சைக்கிள் உங்களுக்குப் பொருத்தமான உயரத்தில் இருந்து, பிரேக் நன்றாகப் பிடித்து, இலகுவான கியர் இருந்தால் போதும். விலை உயர்ந்த சட்டகத்தால் ஒரு கிலோ எடை குறையலாம். சரியான கியர் செய்யும் உதவிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கியரைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்னால் பெரியதிலும் 34 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். 10 சதவீத மேட்டில் இப்படிப் போக, வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 185 வாட் அளவுக்கு உழைக்கவேண்டும். பயிற்சி செய்தவருக்குக்கூட இது லேசான உழைப்பு இல்லை. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள்தான் என்றால், அதே மேட்டில் அதே உழைப்புக்கு நிமிடத்துக்கு 50 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கூடுதலாக அழுத்தவேண்டும். ஒரு மணி நேரம் அப்படி அழுத்தினால் முழங்கால் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே கடையில் கேட்டு, உங்கள் வண்டியில் பொருந்துகிற மிகப் பெரிய பின் பல்சக்கரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கப் பற்கள் பின்பக்கப் பற்களைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. "இவ்வளவு சின்ன கியர் தேவைப்படாது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தேவைப்படாவிட்டால் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். இல்லாத கியரை மலை நடுவில் எங்கே போய்த் தேடுவது?

டயர் 28 முதல் 32 மி.மீ. அகலம் இருந்தால் உடம்பு குறைவாகக் குலுங்கும், வளைவுகளில் பிடிமானமும் இருக்கும். புது டயர், புது பிரேக் கட்டை எதுவானாலும் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே மாற்றி ஓட்டிப் பாருங்கள். முந்தின நாள் எதையும் மாற்றாதீர்கள்.

மின்சார சைக்கிளில் வரலாமா?

சில பயணங்களில் அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தால் தயங்காமல் வாருங்கள். ஆனால் ஏற்றத்தில் பேட்டரி சமதளத்தைவிட மிக வேகமாகத் தீரும், தீர்ந்துவிட்டால் அந்த எடையையும் சேர்த்து நீங்கள்தான் மிதிக்கவேண்டும். விமானத்தில் போகவேண்டிய இடம் என்றால் அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி. அந்த அளவு பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது?

பன்னிரண்டு வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டினால் போதும்: இரண்டு நாள் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். உடம்பு தேறுவது ஓய்வின்போதுதான்.

எந்த வேகத்தில்? பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். பயிற்சியில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கவேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு எட்டு, பத்து நிமிடம் மிதித்து, இளைப்பாறி, மறுபடி மிதிக்கலாம்.

கடைசி வாரங்களில் பயண தூரத்தில் நான்கில் மூன்று பங்கை ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அன்று போடப்போகும் உடை, சாப்பிடப்போகும் சாப்பாடு, தூக்கப்போகும் பை எல்லாமே இந்த ஓட்டத்தில் சோதித்தவையாக இருக்கவேண்டும். அப்புறம் கடைசி பத்து நாள் அளவைக் குறையுங்கள். "இன்னும் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் நன்றாக இருக்குமே" என்று மனம் அரிக்கும். அந்த ஓட்டத்தால் பலன் எதுவும் வராது, களைப்புதான் மிஞ்சும்.

எங்கள் பக்கத்தில் மலையே இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நானும் சமதளத்தில்தான் பழகினேன். மலைக்கும் சமதளத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஏற்றத்தில் மிதிக்காமல் சும்மா இருக்க முடியாது என்பதுதான். சமதளத்தில் நாம் அறியாமலே பலமுறை காலை நிறுத்தி வண்டியைத் தானாக ஓடவிடுவோம். அதை நிறுத்துங்கள். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் ஒரு நீண்ட சாலையைத் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் கடினமான கியரில், ஒரு மணி நேரம் காலை நிறுத்தாமல் மிதித்துப் பாருங்கள். மலை ஏறுவது ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு மேம்பாலம் இருந்தால் அதில் இருபது முறை ஏறி இறங்கலாம். வீட்டுக்குள் நிறுத்தி ஓட்டும் கருவி இருந்தால், முன்சக்கரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து ஓட்டுங்கள். மேட்டில் உட்காரும் விதம் இடுப்புக்குப் பழகும்.

ஏறுவதைச் சமதளத்தில் இப்படிப் பழகிவிடலாம். இறங்குவதை அங்கே பழக முடியாது. அதனால் பயணத்துக்கு முன் ஒரு முறையாவது, ஒரு நாள் செலவழித்தாவது, உண்மையான மலைச்சாலை ஒன்றில் இறங்கிப் பாருங்கள்.

அன்றைக்கு எந்த வேகத்தில் தொடங்க வேண்டும்?

மெதுவாக. நீங்கள் சரி என்று நினைக்கிற வேகத்தைவிடவும் மெதுவாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள். கைதட்டல், இசை, விடிகாலைக் குளிர், இன்னும் களைக்காத கால். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். என் முதல் பயணத்தில் அந்த வேகத்தோடு நானும் போனேன். முதல் மலையை மகிழ்ச்சியாக ஏறினேன். இரண்டாவது மலையில் சாப்பிடத் தோன்றவில்லை, அதனால் சாப்பிடவில்லை. மூன்றாவது மலையின் நடுவில் கை நடுங்க ஆரம்பித்தது. கண் முன்னால் சாலை மங்கியது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. உடம்பில் இருந்த மாவுச்சத்து முழுவதும் தீர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். பின்னால் வந்த உதவி வண்டியில் ஏறி மீதி வழியைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனேன். என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர், காலையில் நான் தாண்டி வந்தவர், அதே மலையை அமைதியாக ஏறிக்கொண்டிருந்தார்.

வேகமாக மிதிக்கும்போது உடம்பு கொழுப்பைவிட மாவுச்சத்தைத்தான் அதிகம் எரிக்கும். மாவுச்சத்துச் சேமிப்பு கொஞ்சம்தான். கொழுப்பு எவ்வளவு மெலிந்தவரிடமும் நாள்கணக்கில் வரும். எனவே மெதுவாகத் தொடங்குவது வெறும் பொறுமை மட்டும் இல்லை, எரிபொருளைச் சேமிப்பது. முதல் ஒரு மணி நேரம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். பேச ஆள் இல்லாவிட்டால் ஒரு பாட்டைப் பாடிப் பாருங்கள்.

என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பசிப்பதற்கு முன் சாப்பிடுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பெரும்பாலோருக்கு ஏற்ற அளவு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். மீதியைச் சர்க்கரை கலந்த பானத்திலோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும் வேறு எதிலோ எடுத்துக்கொள்ளலாம். பழகியவர்கள் 90 கிராம் வரை எடுப்பார்கள். வயிற்றையும் காலைப் போலவே பழக்கவேண்டும் என்பதால், பயிற்சியில் சாப்பிடாமல் ஓட்டிவிட்டு அன்று மட்டும் இவ்வளவு சாப்பிட்டால் குமட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அடிக்கும்போதெல்லாம் இரண்டு வாய் சாப்பிட்டு, இரண்டு மடக்குக் குடியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் மறதிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

தண்ணீர் தாகத்துக்கேற்பக் குடியுங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ஆகலாம். ஒன்பது மணி நேரம் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும், அது ஆபத்தானது. உப்புச் சேர்ந்த பானமும் உப்புள்ள தின்பண்டமும் இடையிடையே இருக்கட்டும்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அவமானமா?

1910-இல் டூர் து பிரான்ஸ் பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் உயரமான கணவாய்களுக்குப் போனது. டூர்மலே என்ற 2,115 மீட்டர் கணவாயில் ஒக்தாவ் லாப்பீஸ் என்ற வீரர் சில இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். அந்த ஆண்டுப் பந்தயத்தை வென்றவர் அவர்தான். எனவே தாராளமாகத் தள்ளுங்கள். பத்து நிமிடம் நடந்தால் இடுப்பும் கழுத்தும் தளரும், மிதிக்கும் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கும். சாலையின் ஓரமாக, மற்றவர்களுக்கு வழி விட்டு நடந்தால் போதும்.

இறக்கம்தான் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. ஏற்றத்தில் களைத்தால் நின்றுவிடலாம். இந்தப் பயணங்களில் பெரிய காயங்கள் வர வாய்ப்பு இறக்கத்தில்தான்.

முதலில் பிரேக். 85 கிலோ எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 400 கிலோஜூலுக்கு மேல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையானதைவிட அது அதிகம். காற்று கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால், ஏறக்குறைய அந்தச் சூடு முழுவதும் சக்கர விளிம்பிலோ டிஸ்க்கிலோதான் இறங்கும். விளிம்பு பிரேக் என்றால் டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பிடிமானம் குறையலாம். அதனால் தொடர்ந்து பிடிக்காமல், நேரான இடத்தில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள். விட்ட நேரத்தில் காற்று பட்டு ஆறும். முன் பிரேக்தான் வண்டியை அதிகமாக நிறுத்துகிறது. அதைப் பிடிக்கும்போது இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வளைவு. வேகத்தைக் குறைப்பது வளைவுக்குள் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கவேண்டும். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, உடல் எடை அதன் மேல். கண் வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் வண்டியும் அந்தப் பக்கம்தான் போகும். எதிரே வரும் வாகனத்தின் பக்கத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள், சாலை காலியாகத் தெரிந்தாலும்.

வேகத்தில் திடீரென்று ஹேண்டில் ஆட ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்காலாலும் சட்டகத்தின் மேல் குழாயை நெருக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள், ஆட்டம் அடங்கும். குளிரில் உடம்பு நடுங்கினாலும் இந்த ஆட்டம் வரும். இது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

மேலே எவ்வளவு குளிரும்?

1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். 48 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பக்கத்தின் அடிவாரம் சுமார் 900 மீட்டர். கீழே 25 டிகிரி என்றால் உச்சியில் 13 டிகிரிதான் இருக்கும். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடம்பு, இறங்கும்போது மணிக்கு 40 கி.மீ. காற்றை வாங்கும். எவ்வளவு வெயிலடித்தாலும், காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலுடையும் முழுவிரல் கையுறையும் பையில் இருக்கவேண்டும். உச்சியில் நின்று அதைப் போட்டுக்கொண்டபின்தான் இறங்கவேண்டும். சைக்கிள் வீரர்கள் சட்டைக்குள் நெஞ்சின் மேல் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம்; இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

மலைகளில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். உயரமான ஏற்றத்தை முற்பகலிலேயே முடிக்கும்படி வழி அமைந்திருந்தால் நல்லது. வெயிலும் உயரத்தில் கடுமை. 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மூக்கு, காது, பின்கழுத்து மூன்றுக்கும் வெயில் களிம்பு பூசுங்கள்.

உயரத்தில் மூச்சுத் திணறுமா?

2,000 மீட்டருக்குக் கீழே என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதற்கு மேல் தலைவலி, குமட்டல் வரலாம். அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் ட்ரிபிள் பைபாஸ் பயணத்தில் லவ்லேண்ட் கணவாய் 3,655 மீட்டர். அப்படிப்பட்ட இடத்துக்குச் சில நாள் முன்னதாகவே போய்த் தங்குவது நல்லது. தலைவலியோடு தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் முதல் மருந்து உடனே கீழே இறங்குவது.

உட்காரும் இடத்தில் வலிக்காமல் இருக்க?

மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை, அதற்குள் வேறு உள்ளாடை இல்லாமல். தையல் உரசுவதுதான் புண்ணுக்குக் காரணம். உரசும் இடத்தில் களிம்பு தடவிக்கொள்ளலாம். மெத்துமெத்தென்ற பெரிய சீட் நல்லது என்று தோன்றும். நீண்ட தூரத்துக்கு, இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்தும் ஓரளவு கெட்டியான சீட்தான் தாங்கும். பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அகலமானது வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். சில மில்லிமீட்டர் மாற்றிப் பார்த்து ஓட்டுங்கள். விரல் மரத்தால் கைப்பிடியை அடிக்கடி மாற்றிப் பிடியுங்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்புகோல், சின்ன பம்பு, ஸ்க்ரூ முடுக்கும் கருவி, செயின் அறுந்தால் சேர்க்கும் இணைப்பு. மேலுடை, சாப்பாடு, கைப்பேசி, கொஞ்சம் பணம். ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் எண் எழுதிய அட்டை. முன்னும் பின்னும் விளக்கு, சுரங்கப் பாதைகளுக்காக. ஹெல்மெட்டைச் சொல்லவே வேண்டாம். பஞ்சர் ஆனால் டியூப் மாற்றுவதை வீட்டில் ஐந்து முறையாவது செய்து பழகுங்கள், மழையில் நின்றுகொண்டு முதல் முறை கற்க வேண்டாம்.

நிதி திரட்டக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

மலையைவிட இதுதான் பலருக்குக் கடினம். நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை என்பதை முதலில் நீங்களே நம்பவேண்டும். அந்த அமைப்பு என்ன செய்கிறது, பணம் எதற்குப் போகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டால் கூச்சம் பாதி குறையும்.

முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். அடுத்து மிக நெருங்கியவர்களிடம் கேளுங்கள். பின்னால் பார்க்கிறவர்கள் முன்னால் இருக்கும் தொகைகளைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள். குழுவுக்கு ஒரே செய்தியை அனுப்பினால் ஒவ்வொருவரும் "வேறு யாராவது கொடுப்பார்கள்" என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். நான்கைந்து வரி போதும்: எதற்காக, ஏன் இந்தக் காரியம் உங்கள் மனதுக்கு நெருக்கமானது, எவ்வளவு ஏறப்போகிறீர்கள், என்றைக்குள் வேண்டும். "100 மீட்டர் ஏற்றத்துக்கு இவ்வளவு" என்று கணக்கு வைத்துக் கேட்டால் கொடுக்கிறவர்களுக்கு எளிது. பதில் வராவிட்டால் இன்னொரு முறை நினைவூட்டலாம், மூன்றாவது முறை கேட்கக் கூடாது. கொடுத்தவர்களுக்கு அன்றே நன்றி சொல்லிவிடுங்கள்.

கொடுக்கிற பணம் முழுவதும் அந்தக் காரியத்துக்குப் போகிறதா?

பயணத்துக்குப் பயணம் மாறும். சில இடங்களில் நுழைவுக் கட்டணத்தால் நிகழ்ச்சிச் செலவை ஈடுகட்டி, திரட்டிய பணத்தை அப்படியே கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் உங்கள் தங்கும் செலவும் சாப்பாடும் திரட்டிய தொகையிலிருந்தே கழியும். சேருவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: அமைப்பு முறையாகப் பதிவானதா, கணக்கை வெளியிடுகிறதா, குறைந்தபட்சத் தொகை திரட்ட முடியாவிட்டால் என்ன ஆகும், பயணம் ரத்தானால் பணம் என்ன ஆகும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கட்டணம், போக்குவரத்து, தங்குமிடம் எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தே கட்டுங்கள். அது முடியாமல் ஒரு பகுதி கழிகிறது என்றால், கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். நண்பர் கொடுத்த பணத்தில் நாம் மலைச் சுற்றுலா போய்வந்தோம் என்று அவர் பின்னால் தெரிந்துகொள்ளக் கூடாது.

முடிக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

இல்லை. கொடுத்தவர்கள் அந்தக் காரியத்துக்குக் கொடுத்தார்கள், உங்கள் காலுக்குக் கொடுக்கவில்லை. முதல் பயணத்தில் வண்டியில் ஏறி வந்த அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் எல்லோருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: எந்த இடத்தில் நின்றேன், ஏன் நின்றேன், எவ்வளவு சேர்ந்தது. ஒருவர்கூடப் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

உதவி வண்டியில் ஏறுவதற்குத் தயங்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். மனம் குழம்பும்போது, பேச்சு குழறும்போது, நடுக்கம் நிற்காதபோது, பிரேக்கை அழுத்தக் கையில் வலு இல்லாதபோது ஏறிவிடுங்கள்.

முடித்த பிறகு?

வண்டியை நிறுத்தியதும் நனைந்த உடையை மாற்றுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள். நீங்களே கார் ஓட்டி வீடு திரும்புவதாக இருந்தால் அன்று வேண்டாம், தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். இரண்டு மூன்று நாள் தொடை வலிக்கும். சும்மா படுத்திருப்பதைவிட மெல்ல நடப்பது நல்லது. பிரேக் கட்டையைப் பாருங்கள், ஒரே நாள் மலை இறக்கத்தில் நன்றாகத் தேய்ந்திருக்கலாம். ஒரு வாரத்துக்குள், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கோடு, உச்சியில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.